ஜெபித்தும் சோர்வு போகவில்லை: ஏசாயா 40:31 வேலை நாட்களில் எப்படி?

மே 4, இரவு 10.20 | கேள்வி

தினமும் காலையில் அரை மணி நேரம் ஜெபமும் வேத வாசிப்பும். ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. ஆனாலும் புதன்கிழமை வந்தால் உடம்பும் மனசும் தீர்ந்துபோகின்றன. வேலையை விட முடியாது. "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்ற வசனம் என் மேசைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது, என்னிடம் மட்டும் நடக்கவில்லை. உனக்கு விசுவாசம் குறைவு என்கிறார்கள். அப்படித்தானா?

மே 4, இரவு 11.05

அப்படிச் சொன்னவர்களை 1 இராஜாக்கள் 18, 19 இரண்டையும் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். கர்மேல் மலையில் வானத்து அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். விசுவாசம் இல்லாதவரா அவர்?

கர்த்தர் அவருக்குச் செய்ததன் வரிசையைப் பாருங்கள். முதலில் உறக்கம். பிறகு தழலில் சுட்ட அடை, பாத்திரத்தில் தண்ணீர். அதன் பிறகு 40 நாள் நடை. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. மெல்லிய சத்தம் அதற்கும் பின்னால். செடியடியில் கண்டிப்பு ஒரு வார்த்தைகூட இல்லை. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

ஆகவே காலை அரை மணியை ஒரு மணியாக்கும் முன் மூன்று கேள்விகள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? மதிய உணவை உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா, வேலை பார்த்துக்கொண்டே விழுங்குகிறீர்களா? ஒரு நாள் முழுதாக வேலையைத் தொடாமல் இருந்தது எப்போது? வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். நள்ளிரவில் படுத்து நாலரைக்கு எழுந்து ஜெபிப்பவர், தூக்கத்திலிருந்து எடுத்து ஜெபத்தில் போடுகிறார். அந்தக் கடன்தான் புதன்கிழமை வசூலாகிறது. சங்கீதம் 127:2 நித்திரையைக் கர்த்தர் அளிக்கும் ஈவு என்கிறது. ஈவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெலன் கேட்க வேண்டாம்.

மே 5, காலை 6.40

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எலியா ஒருமுறை தூங்கினார், சாப்பிட்டார், நடந்தார் என்பதுபோல் எழுதிவிட்டேன். 19-ம் அதிகாரம் 6-ம் வசனத்தின் முடிவு: "புசித்துக் குடித்துத் திரும்பப் படுத்துக்கொண்டான்." தேவதூதன் இரண்டாம் தரம் வந்து எழுப்புகிறான். இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு.

இது சின்ன விஷயமல்ல. பலர் ஒரு சனிக்கிழமை நன்றாகத் தூங்கிவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று பழைய ஓட்டத்துக்கே திரும்புகிறார்கள். மாதக்கணக்கில் சேர்ந்த சோர்வு ஒரு இரவில் போகாது. குறைந்தது 2 வாரம், ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்து பாருங்கள். அந்த 2 வாரமும் காலை ஜெபம் 10 நிமிடம் போதும். அதைப் பின்வாங்குதல் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மே 5, மதியம் 1.15

ஒட்டியிருக்கும் வசனத்துக்கே வருகிறேன். "புதுப்பெலன் அடைந்து" என்பதற்கு எபிரெயத்தில் இருப்பது "ஹாலஃப்" என்ற வேரிலிருந்து வரும் வினை. மாற்றுதல் என்பது அதன் பொருள். சிறையிலிருந்து வந்த யோசேப்பு பார்வோன் முன் போகுமுன் வஸ்திரம் மாற்றினானே (ஆதியாகமம் 41:14), அங்கேயும் இதே வேர்தான். என் பெலன் தீர்ந்த இடத்தில் அதே பெலனை மேலும் ஊற்றித் தருகிறார் என்பதல்ல. என்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு அவருடையதை உடுத்துவது. கழற்ற மனமில்லாதவருக்கு மாற்றுடை பயன்படாது.

வசனத்தின் வரிசையும் கவனிக்கத்தக்கது. கழுகுகளைப்போல எழும்புதல், ஓடுதல், கடைசியில் நடத்தல். நாம் பேசினால் நடையில் தொடங்கிப் பறத்தலில் முடிப்போம். ஏசாயா நடையில் முடிக்கிறார். திங்கள் முதல் சனி வரை வேண்டியது "நடந்தாலும் சோர்வடையார்கள்" என்ற பாகம்தான். பறக்கவில்லையே என்று வருந்துபவர்களில் பாதிப் பேர் உண்மையில் நன்றாகவே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மே 5, இரவு 9.30 | வாசகர் ஒருவர்

கழுகு 40 வயதில் மலையுச்சிக்குப் போய் அலகை உடைத்து, இறகுகளைப் பிடுங்கி, ஐந்து மாதம் காத்திருந்து புதுப்பிறவி எடுக்குமாமே. அதைத்தானே ஏசாயா சொல்கிறார்?

மே 5, இரவு 10.10

இல்லை. அது பிரசங்கங்களில் சுற்றும் கட்டுக்கதை. அலகில்லாத கழுகு இரை கிழிக்க முடியாமல் பட்டினியில் செத்துவிடும். கழுகின் இறகு உண்மையில் புதுப்பிக்கப்படுகிறது, ஆனால் ஒரு நேரத்தில் சிலதான் உதிரும். அவற்றின் இடத்தில் புதியவை முளைக்கும்வரை மற்றவற்றால் பறந்துகொண்டே இருக்கும். பெரிய கழுகுகளுக்கு எல்லா இறகும் மாறி முடிய ஓராண்டுக்கு மேலாகும்.

கட்டுக்கதையைவிட இது நமக்கு அதிகம் உதவும். வேலையை ஒரே வீச்சில் உதறி, 40 நாள் உபவாசம் இருந்து, புது மனிதனாக இறங்கி வர வேண்டும் என்று அந்தக் கதை எதிர்பார்க்க வைக்கிறது. அது முடியாதபோது குற்றவுணர்வு வருகிறது. சில இறகுகள் மட்டும் மாறட்டும்: இந்த மாதம் தூக்கம், அடுத்த மாதம் ஓய்வுநாள்.

இன்னொன்று. கழுகு காலையில் நிலம் சூடாகி வெப்பக்காற்று மேலெழும்பக் காத்திருந்து, அதன்மேல் சிறகை விரித்து அதிகம் அடிக்காமலே உயரும். "காத்திருத்தல்" என்பதோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஏசாயா அதை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன்.

மே 7, மதியம் 2.20

மதிய நேரச் சோர்வு பற்றித் தனியாக எழுத வேண்டும். நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் (மறைவு 399) இதற்கு "அகேதியா" என்ற பெயரோடு ஒரு முழு விவரணை தந்திருக்கிறார். நாலாம் மணியில் தொடங்கி எட்டாம் மணி வரை, நம் கணக்கில் காலை 10 முதல் மதியம் 2 வரை, அது முற்றுகையிடும். சூரியன் நகராததுபோல், நாளுக்கு 50 மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். கண் வெளியே போகும். கூட இருப்பவர்களுக்கு அன்பே இல்லை என்று தோன்றும். வேறொரு இடத்தில் இந்த வேலை எவ்வளவு எளிதாக இருக்கும் என்ற கற்பனை வரும். பதினாறு நூற்றாண்டுக்கு முந்தைய இந்தப் பட்டியலில் இன்று கூட்டவேண்டியது கைப்பேசி மட்டும்தான்.

மருந்து: இடத்தை விட்டு ஓடாமல் இருப்பது, கையில் ஒரு சிறிய வேலை, ஒரு குறுகிய ஜெபம். செய்முறை 3 நிமிடம்தான். நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில். மூச்சை 4 எண்ணும் அளவுக்கு உள்ளே இழுக்கும்போது மனதில் "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே", 6 எண்ணும் அளவுக்கு வெளியே விடும்போது "என்மேல் இரக்கமாயிரும்". பன்னிரண்டு முறை, பிறகு ஒரு நிமிடம் சும்மா. பிறகு அரை மணிக்குள் முடியக்கூடிய ஒரே ஒரு வேலையை எடுத்து முடிப்பது.

தவறு நேரும் இடங்கள். மூச்சை ஆழமாக, வேகமாக இழுத்தால் தலை சுற்றும். சாதாரண அளவே போதும். வண்டி ஓட்டும்போதும் இயந்திரத்தின் முன்னும் வேண்டாம். எண்ணிக்கையிலேயே கவனம் போய்விட்டால் எண்ணுவதை விடுங்கள், ஜெபத்தை விடாதீர்கள். ஏதாவது "உணர" வேண்டும் என்று காத்திராதீர்கள். இது உணர்ச்சிக்காக அல்ல, யாருக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்பதை நினைவுக்குக் கொண்டுவர.

மே 8, காலை 7.05 | வாசகர் ஒருவர்

இவ்வளவு செய்முறை எதற்கு? "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." இந்த ஒரு வசனம் போதாதா?

மே 8, இரவு 9.50

பிலிப்பியர் 4:13-ஐ 12-ம் வசனத்தோடு வாசித்தால் போதும். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார் பவுல். "எல்லாவற்றையும்" என்பது அந்த நிலைகள் எல்லாவற்றையும். மூன்று பேர் வேலையை ஒருவராய்ச் செய்ய முடியும் என்ற வாக்குத்தத்தம் அங்கே இல்லை. கட்டுண்ட நிலையில் எழுதுகிறார் என்பதையும் மறக்கக்கூடாது.

14-ம் வசனத்தையும் விடாதீர்கள். எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்றவர், அடுத்த மூச்சிலேயே என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நலம் என்று நன்றி சொல்கிறார். பெலன் வந்த வழிகளில் ஒன்று பிலிப்பி சபையார் அனுப்பிய உதவி.

மே 10, மாலை 5.00

ஓய்வுநாள். எழுதத் தள்ளிப்போட்டது இதைத்தான், ஏனென்றால் இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. யாத்திராகமம் 20-ல்: கர்த்தர் ஆறுநாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-ல்: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன்னை அங்கிருந்து புறப்படப்பண்ணினார். அடிமைக்கு விடுமுறை கிடையாது. ஓய்வெடுப்பது, நான் இனி பார்வோனின் ஆள் அல்ல என்று உடம்பாலே சொல்வது. யாத்திராகமம் 23:12-ல் மாடும் கழுதையும்கூடப் பட்டியலில் உண்டு. அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்கிறது.

"இப்போது வேலை அதிகம், பிறகு பார்க்கலாம்" என்பவர்களுக்கு யாத்திராகமம் 34:21: விதைப்புக்காலத்திலும் அறுப்புக்காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக. ஆண்டிலேயே நெருக்கடியான இரண்டு காலங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்.

இனி செய்முறை. ஓய்வுநாள் முந்தின மாலையில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முதல் காரியமே தூக்கம். காலையில் தொடங்கினால் முதல் காரியம் கைப்பேசியாகிவிடும். அதற்கு முந்தின நாள் ஆயத்த நாள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னா நினைவிருக்கும்: தலைக்கு ஒரு ஓமர் அளவு, ஆறாம் நாளில் மட்டும் இரண்டு. ஏழாம் நாளின் ஓய்வு ஆறாம் நாளின் இரட்டைப் பங்கில்தான் நிற்கிறது. துணி, சமையல், கட்டணங்கள், பதில் சொல்லவேண்டிய அழைப்புகள் எல்லாம் முந்தின நாளே முடிய வேண்டும். வேலைக்கான செயலிகளின் அறிவிப்பை நிறுத்துங்கள். அவசரத்துக்கு ஒரே ஒருவர் ஒரே ஒரு எண்ணில் அழைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

24 மணி நேரம் கிடைக்காதவர்கள் 5 மணி நேரத்தில் தொடங்கலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே நேரம். மாதத்துக்கு ஒரு மணி கூட்டுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் கிடைக்காது.

முதல் மூன்று வாரம் ஓய்வாகவே இருக்காது. எரிச்சல், தலைவலி, ஏதோ மறந்துவிட்டதுபோன்ற பதற்றம் வரும். அதைக் கண்டு விட்டுவிடுகிறவர்களே அதிகம். நாலாவது வாரம்வரை தாங்குங்கள்.

மே 11, காலை 6.15

நேற்றையதில் ஒரு பெரிய ஓட்டை. ஞாயிறு பள்ளி எடுப்பவர்கள், பாடகர் குழு, ஒலியமைப்பு பார்ப்பவர்கள், போதகர்கள், இவர்களுக்கு ஞாயிறு வேலைநாள். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது வெள்ளிக்கிழமையைவிடக் களைத்திருப்பார்கள். அவர்கள் வாரத்தில் வேறொரு பாதி நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு பொறுப்புக்கு மேல் எடுக்காமல் இருப்பதும் நல்லது.

ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியருக்கே கர்த்தர் வயது வரம்பு வைத்திருந்தார். எண்ணாகமம் 8:24-26: 25 வயதில் சேவை தொடங்கி, 50-ல் பாரமான பணியை விட்டு, சகோதரருக்குக் காவலில் துணையாயிருப்பது மட்டும். ஆலயப் பணிக்கு ஓய்வே கூடாது என்பது வேதத்தில் இல்லாத கருத்து.

மே 13, இரவு 10.40

படுக்கும் முன் செய்வது. லொயோலா இஞ்ஞாசியார் (1491-1556) கற்றுக்கொடுத்த நாள்-ஆய்வு ஐந்து படிகள் கொண்டது. 12 நிமிடத்துக்குள் முடிக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு தாள். நாளைய வேலைகள் எல்லாவற்றையும் அதில் இறக்கிவிட்டு மடித்து வேறு அறையில் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஜெபம் முழுதும் அந்தப் பட்டியல்தான் ஓடும்.

பிறகு நன்றி, குறிப்பாக இரண்டு காரியங்களுக்கு. அடுத்து, முடிந்த நாளைச் சரியாகப் பார்க்க வெளிச்சம் கேட்பது. அடுத்து காலையிலிருந்து மணிமணியாக அந்த நாளை ஓட்டிப் பார்ப்பது: எங்கே பெலன் வந்தது, எங்கே வடிந்தது? அரை மணிக் கூட்டம் ஒன்று, எட்டு மணி வேலையைவிட அதிகம் உறிஞ்சியிருக்கும். அது இங்கேதான் தெரியும். பிறகு தவறுக்கு மன்னிப்பு, கடைசியில் நாளைய ஒரே ஒரு கடினமான மணி நேரத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுப்பது. முடிவில் சங்கீதம் 4:8: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்."

கெட்டுப்போகும் இடம் மூன்றாம் படி. நம்மை நாமே விசாரணைக் கூண்டில் ஏற்றிவிடுவோம். தினமும் குற்றப்பத்திரிகையாக மாறினால், ஒரு வாரம் முதல் படியை மட்டும் செய்யுங்கள். பாதியில் தூங்கிவிட்டால் அது தோல்வி அல்ல, அதற்காகத்தானே படுத்தீர்கள்.

மே 14, அதிகாலை 3.10 | வாசகர் ஒருவர்

இரவுப்பணியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தலைகீழ். காலை ஜெபம் என்பதே தூங்கப் போகும் நேரம்.

மே 14, காலை 7.30

சங்கீதம் 134 உங்களுடையது. மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று இரவுப்பணியாளரையே அழைக்கிறது. அதைப் பணி தொடங்குமுன் வாசியுங்கள். நாள்-ஆய்வைப் பணி முடிந்த காலையில் செய்யாதீர்கள். அந்தக் களைப்பில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். தூங்கி எழுந்த பிறகு செய்யுங்கள். பணி முடிந்து வந்ததும் சங்கீதம் 4:8 மட்டும், பிறகு திரையை இழுத்துவிட்டுப் படுக்கை.

மே 17, இரவு 9.15

இதுவரை எழுதியது எல்லாம் சோர்ந்தவரைச் சரிசெய்வது. சுமையைப் பற்றிப் பேசவே இல்லை. அது நியாயமல்ல.

யாத்திராகமம் 5: அடிமைகளாயிருந்த இஸ்ரவேலருக்கு வைக்கோல் தராமல் அதே எண்ணிக்கைச் செங்கல் கேட்கிறான் பார்வோன். முறையிட்டவர்களுக்கு, நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள் என்று பதில். கர்த்தர் அவர்களுக்கு அதிகச் செங்கல் அறுக்கப் பெலன் தரவில்லை. வெளியே கொண்டுவந்தார். ஆள் குறைத்து இலக்கை மட்டும் அப்படியே வைத்திருக்கும் இடத்தில், பொறுமைக்காக மட்டும் ஜெபிப்பது அரை ஜெபம். வைக்கோல் வேண்டும் என்று மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்பதும், வேறு வேலை தேடுவதும் விசுவாசத்துக்கு விரோதமல்ல. கடன், குடும்பம் என்று உடனே விட முடியாதவர்கள் உண்டு. அவர்கள் இன்றே ஒரு தேதியை மனதில் குறிக்கட்டும். முடிவு தெரியாத சுமைதான் அதிகம் நசுக்கும்.

18-ம் அதிகாரம் வேறு வகை. அங்கே கொடியவன் யாருமில்லை. நல்ல மனிதர் மோசே, நல்ல வேலை, காலை முதல் மாலை வரை வரிசை. மாமனார் எத்திரோ பார்த்துவிட்டுச் சொல்கிறார்: நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள். 1000, 100, 50, 10 பேருக்குத் தலைவர்களை வை என்கிறார். ஒரு வாரம், செய்யும் வேலைகளை எல்லாம் எழுதிவாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே: என்னால் மட்டுமே ஆகுமா, வேறொருவராலும் ஆகுமா, யாருமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் கழியும். பகிர்ந்து கொடுத்தும் சோர்வு குறையாதவர்கள் 18:21 அந்தத் தலைவர்களுக்குச் சொல்லும் தகுதிகளைப் பார்க்காமல் போனவர்கள்: திறமை, தெய்வபயம், உண்மை, பொருளாசையில் வெறுப்பு. கையருகே கிடைத்தவரிடம் தள்ளினால் அந்த வேலை இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

மே 18, காலை 8.00 | மருத்துவப் பணியில் உள்ள வாசகர்

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைபாடு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு எல்லாம் "சோர்வு" என்றே தொடங்கும். முதல் நான்கையும் இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். பிடித்த காரியங்களில்கூட ஆர்வம் போய், மனம் இருண்டு 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலியாவுக்கு வந்ததுபோல், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்ல வேண்டும், தனியாக இருக்கக்கூடாது. "பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியது" என்றது இயேசுதான்.

மே 18, இரவு 10.00

மிகச் சரி. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். இதனால் 7-ம் தேதிக் குறிப்பையும் திருத்துகிறேன். அகேதியாவுக்கு மருந்து நிலைத்திருப்பது. உண்மையான களைப்புக்கு மருந்து நிறுத்துவது. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் கெடுதல். பிரித்தறிய ஒரு வழி: இந்த வேலைக்கு மட்டும் பெலன் இல்லையா, விரும்பியதைச் செய்யவும் இல்லையா? முதலாவது என்றால் நாற்காலியில் இருங்கள். இரண்டாவது என்றால் எழுந்துவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட் என்பதற்குத் தரும் மூன்று அடையாளங்களும் உதவும்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. எலியாவிடம் மூன்றும் இருந்தன. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்றவருக்கு 7000 பேர் உண்டு என்று கர்த்தர் கணக்கு சொல்லி, கூடவே துணைக்கு எலிசாவையும் கொடுத்தார்.

மே 24, இரவு 9.05 | கேட்டவர்

தூக்கம் ஏழு மணி நேரமாகிவிட்டது. புதன்கிழமை பரவாயில்லை. ஆனால் இந்த வாரம் மூன்று நாள் வாசிப்பு விட்டுப்போனது. சேர்த்து வாசித்து ஈடுகட்டவா?

மே 24, இரவு 9.40

வேண்டாம். மன்னாவை மறுநாளுக்கு வைத்தால் புழுத்தது. விட்டுப்போன மூன்று நாளையும் அப்படியே விட்டுவிட்டு இன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். வாசிக்கவும் முடியாத நாளில் சங்கீதம் 13 போதும். ஆறு வசனம்தான், அதில் "எதுவரைக்கும்" நாலு முறை வருகிறது. அதுவும் வாயில் வராவிட்டால் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் "இன்று எனக்காக ஜெபியுங்கள்" என்று ஒரு வரி அனுப்புங்கள். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம் இயேசு பேசியது, சுமந்துவந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டுதான் (மாற்கு 2:5). படுக்கையில் கிடந்தவன் அதுவரை ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை.